அமெரிக்கக் குடியேற்றக் காவலில் ஜாமீன்: ‘எவ்வளவு கட்டணும்?’ என்பது ஏன் மூன்றாவது கேள்வி?

இரவு பதினொன்றரை மணி. கோவையில் ஒரு வீட்டில் போன் அடிக்கிறது. டல்லாஸிலிருந்து தம்பியின் ரூம்மேட் பேசுகிறார். “அண்ணா, பதறாதீங்க. காலையில டிராஃபிக் போலீஸ் அவனை நிறுத்தினாங்க. இப்ப ஐசிஇ ஆளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எங்க வச்சிருக்காங்கன்னு தெரியல.”

தம்பி எச்1பி விசாவில் வேலை பார்த்தவர். லே-ஆஃப் ஆனது. வேலை போனபின் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் முடிந்துவிட்டது. அடுத்த வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அங்கேயே இருந்துவிட்டார்.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் அமெரிக்காவில் ஐசிஇ எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் காவலில் இருப்பவர்களின் எண்ணிக்கை 2025 ஆகஸ்டில் 60,000-ஐத் தாண்டியது. காவல் மையங்களை விரிவாக்க மட்டும் 4,500 கோடி டாலரை ஒதுக்கும் சட்டத்தில் அதிபர் டிரம்ப் அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்திட்டார். இப்படி ஒரு போன் நமக்குத் தெரிந்த வீட்டுக்கும் வரக்கூடும்.

போனை எடுத்த அண்ணனின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “ஜாமீனுக்கு எவ்வளவு கட்டணும்?”

நியாயமான கேள்விதான். ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அதற்கு முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஜாமீன் கேட்கவே அவருக்கு உரிமை இருக்கிறதா? இருந்தால், அவரை நம்பி வெளியே விடலாம் என்று நீதிபதிக்குத் தோன்றுமா? இந்த மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

குற்றமே இல்லாமல் காவலா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசா காலாவதியான பிறகும் தங்கியிருப்பது அமெரிக்கச் சட்டப்படி சிவில் விவகாரம். அதற்காகக் காவலில் வைப்பது தண்டனை அல்ல. நாடு கடத்தலாமா வேண்டாமா என்று முடிவாகும் வரை ஆள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. பார்ப்பதற்கு அது ஜெயில் போலவே இருக்கும். சீருடை, எண்ணிக்கை எடுப்பது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பேசுவது எல்லாம் உண்டு.

சிவில் விவகாரம் என்பதால் வரும் பெரிய சிக்கல், அரசு செலவில் வக்கீல் கிடையாது. குற்றவழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தரும். குடியேற்ற வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஃபீஸ் நம்முடையது.

இன்னொன்று. கைது செய்வது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வரும் ஐசிஇ. ஜாமீன் மனுவை விசாரிப்பவர் குடியேற்ற நீதிபதி. இவர் நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர். அதாவது, நாம் நினைக்கிற சுதந்திரமான கோர்ட் நீதிபதி அல்ல, அரசின் ஊழியர். அந்தச் சுதந்திரமான நீதிபதிகள் இருப்பது ஃபெடரல் கோர்ட்டில். இந்த வித்தியாசம் கடைசியில் நமக்குத் தேவைப்படும்.

முதல் கேள்வி: எந்த வழியாக உள்ளே போனார்?

ஜாமீன் கேட்க முடியுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அவர் என்ன செய்தார் என்பதல்ல; அமெரிக்காவுக்குள் எப்படி நுழைந்தார் என்பதுதான். தோராயமாக ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. விசாவில் வந்து, காலம் கடந்து தங்கியவர்: விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்தி உள்ளே விட்டவர். படிப்பு விசா, எச்1பி, சுற்றுலா விசா எதுவாகவும் இருக்கலாம். பெரிய குற்றப் பின்னணி இல்லையென்றால் இவர் ஜாமீன் கேட்கலாம். நம் கோவைத் தம்பி இந்த வகை.

2. விமான நிலையத்திலோ எல்லைச் சாவடியிலோ நிறுத்தப்பட்டவர்: இவர் சட்டத்தின் பார்வையில் இன்னும் உள்ளேயே வரவில்லை. இவருக்கு ஜாமீன் தரும் அதிகாரம் குடியேற்ற நீதிபதிக்கு இல்லை. ஐசிஇ மனது வைத்து ‘பரோல்’ தந்தால்தான் உண்டு. நம்மூர் பரோல் தண்டனைக் கைதி விடுப்பில் வருவது. இது வேறு, தற்காலிகமாக உள்ளே இருக்க அனுமதிப்பது.

3. எல்லையைத் தாண்டி, யாரும் பார்க்காமல் நுழைந்தவர்: இங்கேதான் இப்போது பெரிய சண்டை. எல்லையிலேயே பிடிபட்டு விரைவு நாடு கடத்தலில் சிக்கியவர்களுக்குக் கதவு முன்பே மூடப்பட்டிருந்தது. நாட்டுக்குள் வந்து பல வருடங்கள் வாழ்ந்த பிறகு பிடிபட்டவர்கள் மட்டும் காலம் காலமாக ஜாமீன் கேட்டு வந்தார்கள். 2025 ஜூலையில் ஐசிஇ அந்த நடைமுறையை மாற்றியது. செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியமும், இவர்களுக்கு ஜாமீன் விசாரணை நடத்தவே நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. இருபது வருடம் அங்கே வாழ்ந்து, பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தாலும் இதே நிலைதான். பல ஃபெடரல் நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. ‘ஜாமீன் விசாரணை நடத்துங்கள்’ என்று உத்தரவு போட்டார்கள். அவர் எந்த மாநிலத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறக்கூடும். இந்த வகையில் வருபவருக்கு வக்கீல் இல்லாமல் ஓர் அடிகூட எடுக்க முடியாது.

4. சில வகைக் குற்றங்களில் சிக்கியவர்: போதைப்பொருள், பெரிய திருட்டு, வன்முறை போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றிருந்தால் ‘கட்டாயக் காவல்’. கிரீன் கார்டு இருந்தாலும் இது பொருந்தும். 2025 ஜனவரி 29 அன்று கையெழுத்தான ‘லேக்கன் ரைலி சட்டம்’ இதை இன்னும் இறுக்கியது. முறையான அனுமதி இல்லாமல் நுழைந்த ஒருவர் கடையில் பொருள் திருடியதாகக் கைதானாலே போதும். வழக்கு நிரூபணம் ஆக வேண்டியதில்லை, கட்டாயக் காவல்தான்.

5. நாடு கடத்தும் இறுதி உத்தரவு வந்துவிட்டவர்: இவர் ஜாமீன் கட்டத்தைத் தாண்டியவர். ஆறு மாதமாகியும் அரசால் திருப்பி அனுப்ப முடியாமல், அதற்கான வாய்ப்பும் தெரியவில்லை என்றால், 2001-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து விடுதலை கேட்கலாம்.

முதல் கேள்வியின் கனத்தைக் காட்ட ஒரு தமிழரின் வழக்கே இருக்கிறது. விஜயகுமார் துரைசிங்கம், இலங்கைத் தமிழர். 2017-ல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி சுமார் 25 கஜம் வந்திருப்பார், பிடிபட்டார். இலங்கையில் தன்னை வேனில் கடத்திச் சென்று அடித்ததாகச் சொல்லி அடைக்கலம் கேட்டார். அதிகாரிகள் நம்பவில்லை, விரைவு நாடு கடத்தல் உத்தரவு போட்டார்கள். அவர் ஆட்கொணர்வு மனு போட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. எல்லையில் அப்போதுதான் கால்வைத்தவருக்கு, உள்ளே முறையாக அனுமதிக்கப்பட்டவருக்கு உள்ள உரிமைகள் இல்லை என்பதே அதன் சாரம். விமான நிலைய முத்திரைக்கும் அந்த 25 கஜத்துக்கும் சட்டத்தில் அவ்வளவு தூரம்.

இரண்டாவது கேள்வி: ‘உன்னை வெளியே விட்டால் திரும்பி வருவாயா?’

முதல் தடையைத் தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஜாமீன் விசாரணையில் நீதிபதி இரண்டு விஷயங்களைத்தான் தேடுகிறார். இவரால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா? அடுத்த வாய்தாவுக்கு வருவாரா, காணாமல் போய்விடுவாரா?

‘என் தம்பி ரொம்ப நல்லவன் சார்’ என்பது இங்கே எடுபடாது. ‘நான் தப்பே செய்யவில்லை’ என்பதும் முக்கிய வாதம் அல்ல. 2006-ல் மேல்முறையீட்டு வாரியம் தந்த ஒரு முடிவில் நீதிபதி பார்க்கக்கூடியவற்றின் பட்டியல் இருக்கிறது. இன்றும் எல்லா நீதிபதிகளும் கையில் வைத்திருப்பது அதைத்தான்:

- நிலையான முகவரி இருக்கிறதா?
- அமெரிக்காவில் எத்தனை வருடமாக இருக்கிறார்?
- அங்கே குடும்பம் உண்டா? அவர்களில் யாருக்காவது குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிறதா?
- வேலை செய்த விவரம் என்ன?
- முன்பு கோர்ட் வாய்தாக்களுக்கு ஒழுங்காக வந்தாரா?
- குற்றப் பின்னணி உண்டா? எவ்வளவு பழையது, எவ்வளவு தீவிரம்?
- குடியேற்ற விதிகளை முன்பு மீறியிருக்கிறாரா?
- போலீசுக்கோ கோர்ட்டுக்கோ டிமிக்கி கொடுத்தாரா?
- நாட்டுக்குள் எப்படி வந்தார்?

முதல் கேள்வியில் பார்த்த ‘எப்படி வந்தார்’ இங்கேயும் கடைசி வரியில் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இதில் இளைஞர்கள் சாதாரணமாக நினைப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு. “ஃபைன் கட்டியாச்சு, முடிஞ்சது” என்று விட்டுவிடுவோம். குடியேற்ற நீதிபதிக்கு அது முடியவில்லை. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்ற கணக்கில், ஜாமீனுக்குப் பெரிய பாதகமாகவே வாரியம் அதைப் பார்க்கச் சொல்கிறது. அப்படி ஒன்று இருந்தால் மறைக்கக் கூடாது. அபராதம் கட்டிய ரசீது, வகுப்பு முடித்த சான்றிதழ், அதன்பிறகு எந்தப் பிரச்சினையும் இல்லை என்பதற்கான ஆதாரம் எல்லாவற்றோடும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? பெரும்பாலான மாநிலங்களில் காவலில் இருப்பவருடையது. ‘இவர் ஓடிவிடுவார்’ என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. ‘ஓடமாட்டேன்’ என்று இவர்தான் நிரூபிக்க வேண்டும். பாஸ்டனை மையமாகக் கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்டும் 2021-ல் இதைத் திருப்பிப் போட்டு, பொறுப்பு அரசுடையது என்றது. அதன் எல்லைக்குள் வரும் மாநிலங்களில் அதுதான் நடைமுறை.

ஃபைலில் என்ன இருக்க வேண்டும்?

காவலில் இருப்பவரிடம் போன் இல்லை, லேப்டாப் இல்லை, பீரோ சாவி இல்லை. எனவே ஜாமீன் ஃபைலைத் தயார் செய்வது வெளியே இருக்கும் குடும்பமும் நண்பர்களும்தான். பணம் புரட்டுவதற்கு முன்னால் இதைத் தொடங்க வேண்டும்.

ஸ்பான்சர் கடிதம்: ‘வெளியே வந்தால் என் வீட்டில் தங்கலாம், வாய்தாவுக்கு நான் கூட்டிப் போகிறேன்’ என்று எழுதித் தருபவர் ஒருவர் தேவை. அவர் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ ஆக இருந்தால் நல்லது. அவருடைய அடையாள அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில் ஆகியவை இணைக்கப்பட வேண்டும்.

வாழ்ந்ததற்கான தடயம்: வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கடிதம், மருத்துவ ஆவணங்கள். வரி கட்டிய விவரத்துக்கு மதிப்பு அதிகம்.

தெரிந்தவர்களின் கடிதங்கள்: மேலாளர், பேராசிரியர், கோயில் நிர்வாகி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரும் தரலாம். ‘நல்ல பையன்’ என்ற பொதுவான வரியைவிட, ‘மூன்று வருடமாக வாரா வாரம் உணவு வங்கியில் எங்களோடு வேலை செய்கிறார்’ என்ற ஒரு வரிக்குப் பலன் அதிகம்.

முக்கிய வழக்கின் பலம்: அடைக்கலம், திருமணம் மூலம் கிரீன் கார்டு போன்று நாடு கடத்தலைத் தவிர்க்க வழி இருந்தால் அதற்கான ஆதாரம். ஜெயிக்க வாய்ப்புள்ளவர் வாய்தாவுக்கு வருவார் என்பது நீதிபதியின் கணக்கு.

ஊரிலிருந்து அனுப்பும் தமிழ் ஆவணங்களை அப்படியே ஏற்க மாட்டார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பும், ‘இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், சரியாக மொழிபெயர்த்திருக்கிறேன்’ என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும்.

விசாரணை எப்படி நடக்கும்?

கைதான பிறகு ஐசிஇ-யே முதலில் ஒரு முடிவெடுக்கும்: உள்ளேயே வைப்பதா, ஒரு தொகை சொல்லி விடுவதா என்று. அந்தப் படிவத்தில் ‘இந்த முடிவை நீதிபதி மறுபரிசீலனை செய்ய வேண்டுமா?’ என்ற கட்டம் இருக்கும். வேண்டும் என்பதை டிக் செய்ய வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ ஜாமீன் விசாரணை கேட்கலாம். இந்த விசாரணைக்குக் கட்டணம் இல்லை.

நாடு கடத்தல் வழக்கும் ஜாமீன் விசாரணையும் சட்டப்படி தனித்தனி. ஒன்றில் கொடுத்த ஆவணம் இன்னொன்றில் தானாகச் சேராது. இரண்டிலும் தாக்கல் செய்ய வேண்டும்.

பெரும்பாலும் வீடியோ வழியாக நடக்கும். காவல் மையத்தின் ஒரு சின்ன அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். திரையில் நீதிபதி, அரசு வக்கீல், நம் வக்கீல். சில நிமிடங்களிலேயே முடிந்துவிடலாம்.

அவசரப்பட்டு அரைகுறை ஃபைலோடு போவதில் ஓர் ஆபத்து உண்டு. முழு விசாரணை ஒரு முறைதான். மறுத்துவிட்டால், ‘நிலைமை கணிசமாக மாறிவிட்டது’ என்று எழுத்து மூலம் காட்டினால்தான் மறுபடி கேட்க முடியும். முதலிலேயே கொடுத்திருக்கக்கூடிய கடிதத்தைப் பிறகு கொண்டுவருவது ‘மாற்றம்’ ஆகாது. அதனால்தான் சில வக்கீல்கள், “ஒரு வாரம் டைம் வாங்கிக்கலாம், ஃபைல் முழுசா இருக்கட்டும்” என்பார்கள். உள்ளே இருப்பவருக்கு அந்த ஒரு வாரம் கொடுமையாக இருக்கும். ஆனால் பல சமயம் அதுதான் சரி.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு கட்டணும்?

சட்டப்படி குறைந்தபட்சம் 1,500 டாலர். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். உச்ச வரம்பு கிடையாது. பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் என்று போவதும் உண்டு. இவரால் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் தொகை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் நீதிபதிக்கு இல்லை.

நம்மூரில் ஜாமீன் என்றால் இரண்டு பேர் சூரிட்டி கையெழுத்து, சொத்துப் பத்திரம் அல்லது சம்பளச் சான்று; பல நேரங்களில் ரொக்கமே தேவைப்படாது. அங்கே குடியேற்ற பாண்ட் என்றால் முழுத் தொகையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு கட்டிவிட்டு வருவது அமெரிக்கக் குற்றவழக்குகளில் சில இடங்களில் நடக்கும், இங்கே நடக்காது.

பணம் ஊரிலிருந்து போகலாம். ஆனால் கட்டி, கையெழுத்துப் போடும் நபர் அமெரிக்காவில் சட்டபூர்வ நிலை உள்ளவராக இருக்க வேண்டும். பொதுவாகக் குடிமகன், கிரீன் கார்டு வைத்திருப்பவர், வக்கீல் நிறுவனம் அல்லது தொண்டு அமைப்பு. இப்போது ஐசிஇ-யின் இணையதளம் வழியாகவே வங்கிப் பரிமாற்றத்தில் கட்டலாம். தம்பியின் ரூம்மேட்டும் எச்1பி-யில் இருப்பவர்தான் என்றால், கிரீன் கார்டு உள்ள உறவினர் ஒருவரைத் தேடிப்பிடிப்பது நல்லது.

முழுத் தொகை இல்லாதவர்கள் பாண்ட் நிறுவனங்களிடம் போகிறார்கள். அவர்கள் வாங்கும் கமிஷன் திரும்பி வராது. ஜிபிஎஸ் பட்டை, மாதக் கட்டணம் என்று கூடுதல் நிபந்தனைகளும் இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள்.

நேரடியாகக் கட்டிய பணம் திரும்ப வருமா? வரும், சிறிய வட்டியோடு. வழக்கு ஜெயித்தாலும் சரி, தோற்று முறைப்படி நாட்டைவிட்டுக் கிளம்பினாலும் சரி. ஆனால் அது வழக்கு முடிந்த பிறகு, வருடக்கணக்கில் ஆகலாம். பணம், கட்டியவர் பெயருக்குத்தான் வரும். எனவே ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பதும், வீடு மாறினால் முகவரியை ஐசிஇ-க்குத் தெரிவிப்பதும் கட்டியவரின் வேலை. வழக்கு நடக்கும்போது ‘இவரை இன்ன தேதியில் ஆஜர்படுத்துங்கள்’ என்று நோட்டீஸ் வருவதும் அவருக்குத்தான். ஆஜர்படுத்தாவிட்டால் மொத்தப் பணமும் போய்விடும்.

நீதிபதி ‘சரி’ என்றும் ஏன் வெளியே விடவில்லை?

சில வீடுகளில் இனிப்பு வாங்கிவைத்த பிறகு இந்த அதிர்ச்சி வருகிறது. ஐசிஇ முதலில் ஜாமீனே கிடையாது என்று சொல்லியிருந்தாலோ, 10,000 டாலரோ அதற்கு மேலோ சொல்லியிருந்தாலோ, நீதிபதியின் உத்தரவுக்கு எதிராக மேல்முறையீடு செய்யப்போவதாக ஒரு வேலை நாளுக்குள் ஒரு படிவம் தாக்கல் செய்தால் போதும். உத்தரவு தானாகவே நிறுத்திவைக்கப்படும். இந்த விதியைப் பல ஃபெடரல் நீதிபதிகள் கண்டித்து, குறிப்பிட்ட வழக்குகளில் ரத்து செய்திருக்கிறார்கள். ஆனால் அதற்குத் தனி மனு போட வேண்டும்.

ஜாமீன் மறுத்துவிட்டால்?

வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். கெடு குறுகியது, வக்கீலிடம் அன்றைக்கே பேசிவிட வேண்டும். இன்னொரு வழி, நமக்குப் பழக்கமான ஆட்கொணர்வு மனு. இது போவது ஃபெடரல் கோர்ட்டுக்கு. முன்பு சொன்ன சுதந்திரமான நீதிபதிகளிடம்.

2025-ல் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. துருக்கியைச் சேர்ந்த ருமேசா ஓஸ்டர்க், டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. மாணவர் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர். மார்ச் 25 அன்று மாசசூசெட்ஸில் தெருவில் வைத்துப் பிடித்து லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரலில் குடியேற்ற நீதிபதி ஜாமீன் மறுத்தார். மே 9 அன்று வெர்மான்ட் ஃபெடரல் நீதிபதி அவரை விடுவித்தார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வாளர் பதர் கான் சூரியும் அப்படித்தான். மார்ச் 17 இரவு வர்ஜீனியாவில் வீட்டு வாசலில் கைதாகி, டெக்சாஸில் அடைக்கப்பட்டவர், மே 14 அன்று ஃபெடரல் நீதிபதியின் உத்தரவில் வெளியே வந்தார்.

இருவருக்கும் வலுவான சட்டக் குழு இருந்தது. எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆட்கொணர்வு மனுவுக்குச் செலவும் அதிகம்.

‘60 நாள், 90 நாளில் குற்றப்பத்திரிகை போடலைன்னா தானா ஜாமீன் வந்துடுமே, அங்க அப்படி இல்லையா?’ என்று கேட்கலாம். இல்லை. இத்தனை மாதம் ஆனால் ஜாமீன் விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்று குடியேற்றச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்து நாடான கனடாவில் கைதான 48 மணி நேரத்துக்குள் ஒரு மறுஆய்வு, அடுத்த 7 நாளுக்குள் இன்னொன்று, பிறகு 30 நாளுக்கு ஒரு முறை என்று சட்டமே சொல்கிறது. 2010-ல் ‘சன் சீ’ கப்பலில் போய்ச் சேர்ந்த 492 ஈழத் தமிழர்களின் காவலும் இந்த முறையில்தான் மறுஆய்வு ஆனது. பலருக்கு மாதங்கள் ஆயின. ஆனாலும் அடுத்த தேதி எப்போது என்றாவது உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்தாச்சு. முடிந்ததா?

முடியவில்லை. ஜாமீன் என்பது வழக்கின் முடிவல்ல. வேலை செய்யும் அனுமதியும் அதோடு வராது.

வீடு மாறினால் ஐந்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் படிவம் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் அடைத்திருந்தார்கள், இப்போது வீடு நியூஜெர்சியில் என்றால், வழக்கைப் பக்கத்து நீதிமன்றத்துக்கு மாற்றச் சொல்லித் தனியே மனு போட வேண்டும். தானாக மாறாது. ஒரு வாய்தா தவறினாலும் அவர் இல்லாமலேயே நாடு கடத்தல் உத்தரவு வந்துவிடும். காலில் பட்டை, போனில் கண்காணிப்பு ஆப், மாதாந்திரக் கையெழுத்து என்று நிபந்தனைகளும் இருக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

“கையெழுத்துப் போட்டா ரெண்டு நாள்ல ஊருக்கு அனுப்பிடுவோம்” என்று உள்ளே சொல்லப்படும்போது, பலருக்கு அதுவே விடுதலை போலத் தோன்றும். சிலருக்கு அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் எந்தத் தாளில் கையெழுத்து என்பது முக்கியம். நாடு கடத்தல் உத்தரவோடு போனால், பொதுவாகப் பத்து வருடம் அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாது. ‘தானாக வெளியேறுதல்’ என்ற வேறு ஏற்பாட்டை நீதிபதியிடம் கேட்டுப் பெற்றால் அந்த உத்தரவு பதிவில் ஏறாது. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். வக்கீலிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அடைக்கலம் கேட்பவருக்கு இதன் எடை இன்னும் அதிகம். வெளியே இருந்தால் வக்கீலை நேரில் பார்க்கலாம், ஊரிலிருந்து ஆவணம் வரவழைக்கலாம், சாட்சிகளிடம் பேசலாம். உள்ளே இருந்தபடி இதையெல்லாம் செய்ய முடியாமல், நியாயம் இருக்கும் வழக்கையும் கைவிட்டுவிடுபவர்கள் உண்டு. ஜாமீன் விசாரணையில் வழக்கின் தீர்ப்பு வராது. ஆனால் அந்த வழக்கை நடத்தும் தெம்பு இருக்குமா இல்லையா என்பது அங்கே முடிவாகிவிடுகிறது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

- ஆளைக் கண்டுபிடியுங்கள்: ஐசிஇ இணையதளத்தில் தேடும் வசதி உண்டு. பெயரும் பிறந்த நாடும் தேவை. எழுத்து ஒன்று மாறினாலும் வராது. நம் பெயர்களில் இது பெரிய தலைவலி: இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முன்னால் ஒட்டிக்கொள்ளும் ‘எஃப்என்யூ’. விசாவில் உள்ளபடியே போடுங்கள். வரவில்லையென்றால் முன்பின் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.
- ஏ நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்பது இலக்க எண். அது கிடைத்தால் வாய்தா தேதியை நீதிமன்ற இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.
- குடியேற்ற வக்கீலைப் பிடியுங்கள்: குற்றவழக்கும் இருந்தால் இரண்டு வக்கீல்களும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். ஒன்றில் ஒப்புக்கொண்டது இன்னொன்றில் கட்டாயக் காவலாக முடியலாம்.
- தூதரகம்: இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. அவர்கள் ஜாமீன் கட்ட மாட்டார்கள். ஆனால் ஆள் எங்கே, எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க முடியும். சொந்த நாட்டு அரசுக்குப் பயந்து அடைக்கலம் கேட்பவர் மட்டும், முதலில் வக்கீலிடம் பேசிவிட்டுத் தூதரகத்தை அணுகட்டும்.
- ஏமாறாதீர்கள்: ‘ஐசிஇ ஆபீசர் பேசறேன், கிஃப்ட் கார்டுல அனுப்புங்க’ என்று யாராவது கேட்டால் அது மோசடி.

கோவை வீட்டுக்கே திரும்புவோம். போனை வைக்குமுன் அண்ணன் ரூம்மேட்டிடம் கேட்க வேண்டியது தொகையை அல்ல. “அவன் பாஸ்போர்ட், விசா, வரி பேப்பர் எல்லாம் ரூம்லதானே இருக்கு? எல்லாத்தையும் போட்டோ எடுத்து இப்பவே அனுப்பு. கிரீன் கார்டு இருக்கிற நம்ம ஆளுங்க அங்க யாரு இருக்காங்க?”

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. இந்த விதிகள் வேகமாக மாறிவருகின்றன. தனிப்பட்ட வழக்குக்கு, உரிமம் பெற்ற அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞரின் ஆலோசனை அவசியம்.)